கஷ்டத்துக்குக் கிரேடு போடுற தம்பிக்கு

வா தம்பி, குந்து. கையில இன்னா அது, நோட்டா? பட்டியலா? உலகத்துலயே கஷ்டமான பியானோ சொனாட்டா எதுன்னு ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் நம்பர் போட்டு வெச்சிருக்கியா? அடேங்கப்பா! மொத நம்பர் பீத்தோவன். ரெண்டாம் நம்பர் லிஸ்ட். மூணாம் நம்பருக்கு ராத்திரியெல்லாம் கூட்டாளிங்களோட சண்டை வேற. நல்லது. இந்தப் பத்துல நீ வாசிக்கிறது எத்தினி? ஒண்ணுகூட இல்லியா? அப்ப சரி. வாசிக்காதவனுக்குத்தான் பத்தும் அத்துப்படியா இருக்கும். வாசிக்கிறவன் பாவம், ஒண்ணையே கட்டிக்கினு அழுவான்.

நெசவுக்காரக் கிழவனுக்கு பியானோவைப் பத்தி இன்னா தெரியும்னு மனசுக்குள்ள சிரிக்கிறே. சிரி. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவுல, இந்த ஐயம்பேட்டையில காதுக்குக் குறைச்சல் இல்ல. தெருவுல நடந்துக்கினே எந்த வூட்டுத் தறி சரியா ஓடுது, எது நொண்டுதுன்னு சொல்லிடுவோம். பேரன் போன்ல போட்டுக் குடுத்துட்டுப் போனான். தறியில குந்திக்கினு மொசார்ட்டையும் கேட்டாச்சு, பீத்தோவனையும் கேட்டாச்சு. கேக்குறதுக்குக் கிரேடு கெடையாது பாரு, அதனால நிம்மதியாக் கேட்டேன்.

மொதல்ல ஒரு கேள்வி. உன் வூட்டுல இருக்கிறது பியானோவா, கீபோர்டா? கீபோர்டுதானே. கட்டை எத்தினி? 61. பியானோவுக்கு 88. நீ ஒண்ணாம் நம்பர் குடுத்த ஹாமர்கிளாவியரை அந்தப் பொட்டியில ஏத்தினா, போற வழியிலயே கட்டை தீர்ந்து பூடும். அப்பால மேசையைத்தான் தட்டணும். ஆனா பட்டியல் போடுறதுக்கு மட்டும் 61 கட்டை தாராளம்!

இந்தக் கிரேடு புத்தி எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். லண்டன் பரீட்சை. இனிஷியல்ல ஆரம்பிச்சு எட்டாங் கிரேடு வரைக்கும் டிரினிட்டி காலேஜ் ஒரு பக்கம், ஏபிஆர்எஸ்எம் ஒரு பக்கம். பரீட்சை தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். இளையராஜாவே டிரினிட்டி பரீட்சை குடுத்து கிதார்ல தங்கப் பதக்கம் வாங்கினவரு. எந்தப் புள்ளைக்கு எப்போ எதைக் குடுக்கலாம்னு வாத்தியாருக்கு ஒரு அளவு வேணும், அதுக்குத்தான் கிரேடு. நீ அதைத் தூக்கிக்கினு போய் மொசார்ட் தலையில வெக்கிறே. மூணாங் கிரேடு புஸ்தகத்துல வந்தா மொசார்ட் சின்னவரு, எட்டாங் கிரேடுல வந்தா பெரியவருன்னு அவரு வளர்றாரா இன்னா?

சரி, உன் பட்டியலுக்கே வருவோம். ஒண்ணாம் நம்பர், பீத்தோவனோட 29ஆவது சொனாட்டா. 1817, 1818ல எழுதினது. மனுசனுக்கு அப்போ காது ஏறக்குறைய போயே போச்சு. முழுசா வாசிக்க முக்கா மணி நேரம். மொத தாவலே எடது கைக்கு. சில பேரு நைசா வலது கையையும் ஒத்தாசைக்கு இட்டாந்து அந்தத் தாவலைக் கழிச்சிடுவாங்க. மூணாம் பகுதி மெதுவா, நீளமா போவும். கடைசியில ஃபியூகுன்னு ஒண்ணு வரும். ஒரே மெட்டு இங்க ஒருத்தன், அங்க ஒருத்தன்னு துரத்திக்கினு ஓடும். அத்தினி பேரையும் ரெண்டு கைக்குள்ள வெச்சிக்கினு தனித்தனியா காட்டணும். கஷ்டந்தான், யாரு இல்லேன்னா?

ஆனா சண்டை எதுக்குன்னு பாரு. பீத்தோவனே மெட்ரோனோம் கணக்கு எழுதி வெச்சிட்டாரு, நிமிசத்துக்கு 138ன்னு. மொத பகுதியை அந்த வேகத்துல வாசிக்கவே முடியாதுன்னு ஒரு கட்சி. முடியும்னு ஒரு கட்சி. அவரோட மெட்ரோனோமே கெட்டுப்போனதுன்னு மூணாவது கட்சி! 1935ல ஆர்தூர் ஷ்னாபெல் அந்த வேகத்தைப் புடிக்கப் பாத்து ரெக்கார்டு பண்ணினாரு. அங்கங்க சுரம் வழுக்கிச்சு. வழுக்கினதோடயே உலகம் இன்னைக்கு வரைக்கும் தலையில வெச்சிக் கூத்தாடுது. ஒரு சுரம் தப்பினா மார்க்கு போச்சேன்னு நீ சோறு துன்னாம குந்தியிருக்கே. ஷ்னாபெலுக்கு உன் பரீட்சையில எத்தினி மார்க்கு வரும்னு யோசிச்சுப் பாத்தியா?

ரெண்டாம் நம்பர், பிரான்ஸ் லிஸ்ட். பி மைனர் சொனாட்டா, 1853ல எழுதி முடிச்சாரு. அரை மணி நேரம், நடுவுல நிறுத்தம் கெடையாது. சூமானுக்குக் காணிக்கையா அனுப்பினாரு. சூமான் சம்சாரம் கிளாரா லேசுப்பட்டவங்க இல்ல, ஐரோப்பா முழுக்கப் பேரெடுத்த பியானோக்காரி. அவங்களுக்கு அது சுத்தமாப் புடிக்கலை. லிஸ்ட்டே குந்தி வாசிச்சப்போ சின்னப் பையன் பிராம்ஸ் தூங்கிப் பூட்டாருன்னு ஒரு கதை உண்டு. இப்போ சொல்லு. வாசிக்கிறவனுக்குக் கஷ்டமா, கேக்குறவனுக்குக் கஷ்டமா? உன் பட்டியல்ல அதுக்குன்னு ஒரு கட்டம் போட்டிருக்கியா? போடு. நம்ம சபாக்களுக்கும் உதவும்.

நீளந்தான் கஷ்டம்னா என்கிட்ட ஒரு ஆளு இருக்காரு. சோராப்ஜி. அப்பா பம்பாய்ப் பார்சி, புள்ள பொறந்து வளந்தது இங்கிலாந்துல. 1930ல ஓபஸ் கிளாவிசெம்பலிஸ்டிகம்னு ஒண்ணு எழுதி, கிளாஸ்கோவுல அவரே வாசிச்சாரு. நாலு மணி நேரத்துக்கு மேல! நம்பர் போட்ட சொனாட்டாவும் தனியா அஞ்சு எழுதினாரு. அப்பால இன்னா பண்ணாரு தெரியுமா? நான் சொல்லாம என் சரக்கை எவனும் மேடையில வாசிக்கக் கூடாதுன்னுட்டாரு. பல வருசத்துக்கு அப்படியே பூட்டு. புத்திசாலி. பாதியில எழுந்து போறவங்க மூஞ்சியைப் பாக்குற வேலையே இல்ல பாரு!

சின்னதா இருந்தா சுலபமா? ஷோபானோட ரெண்டாவது சொனாட்டா இருக்குது. அதுல மூணாவது பகுதிதான் சாவு ஊர்வல மெட்டு, உலகம் பூரா தெரியும். அது முடிஞ்சதும் கடைசிப் பகுதி வரும். ஒண்ணரை நிமிசந்தான். ரெண்டு கையும் ஒரே மெட்டை மேலயும் கீழயும் புடிச்சிக்கினு மூச்சு வுடாம ஓடும். நின்னு ஆற ஒரு எடங்கூட இல்ல. நாலு மணி நேரத்தையும் ஒண்ணரை நிமிசத்தையும் எந்தத் தராசுல வெச்சி நிறுப்பே?

உன் கூட்டாளி ஒருத்தன் 'மூன்லைட்' சொனாட்டா முடிச்சிட்டேன்னு மார் தட்டுறானாமே. கேட்டுப் பாரு, எந்தப் பகுதின்னு. மொத பகுதின்னுவான். 1801ல பீத்தோவன் எழுதின அந்த சொனாட்டாவுக்கு மூணு பகுதி. மொதது மெதுவா நடக்கும், பாவம்னு யாருக்கும் எடம் குடுக்கும். மூணாவது பேய்க்காத்து. ஊருல முக்காவாசிப் பேரு மொததை வாசிச்சிட்டு சொனாட்டாவையே முடிச்ச மாதிரி சொல்லிக்கிறாங்க. ஏகாம்பரநாதர் கோயில் வாசல்ல செருப்பை வுட்டுட்டு அப்படியே திரும்பி வந்தவன், சாமி பாத்துட்டேன்னு சொல்லலாமா?

இப்போ உன் பட்டியல்ல இல்லாததைச் சொல்றேன். மொசார்ட், சி மேஜர் சொனாட்டா, 1788. கேட்டலாக்ல 545ஆம் நம்பர். புதுசாக் கத்துக்கிறவங்களுக்குன்னு அவரே எழுதி வெச்சாரு. நீயும் அதை ரெண்டு மாசத்துல முடிச்சிட்டு 'குழந்தை பாட்டு'ன்னு தூக்கிப் போட்டுட்டே. அதையே உங்க வாத்தியாரை நாலு பேரு முன்னால வாசிக்கச் சொல்லு. வேர்க்கும் பாரு. ஏன்னு கேக்குறியா? என் தொழில்ல வெச்சித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

முந்தி பூரா ஜரிகை, யாளி, அன்னம், மாங்கான்னு அடைச்சி நெய்த புடவை இருக்குதே, அதைப் பாத்து கடையில எல்லாரும் வாயைப் பொளப்பாங்க. கஷ்டந்தான், நாளும் ஆவும், கூலியும் கூட. ஆனா அதுல ஒரு எடத்துல அடி கொஞ்சம் ஒதுங்கினா ஜரிகை பளபளப்பு மறைச்சிடும். வெறும் உடம்பு, ஒரே நெறம், பூ கெடையாது, புட்டா கெடையாது, அப்படி ஒரு முழம் நெய்து காட்டு. ஒரு அடி பலமா விழுந்தா வரி தெரியும். லேசா விழுந்தா சந்து தெரியும். மனசு வேற எங்கியோ போன நேரத்தைக்கூட அந்தத் துணி அப்படியே சொல்லிக் குடுத்துடும். வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா நெசவுக்காரன் ஜாதகமே அதுல இருக்கும். மொசார்ட் அந்த வெறும் உடம்பு. லிஸ்ட் ஜரிகை முந்தி. எது கஷ்டம்? மறைக்க எடம் இல்லாததுதான் கஷ்டம். மொசார்ட் புள்ளைங்களுக்கு சுலபம், பெரிய கைங்களுக்குத்தான் பயம்னு அந்த ஷ்னாபெலே சொன்னதாச் சொல்லுவாங்க. வழுக்கி விழுந்தும் பேரெடுத்த மனுசன், அவருக்குத் தெரியாதா?

இன்னொரு வேடிக்கை. ரஷ்யாவுல புரோகோஃபியேவ்னு ஒருத்தரு, 1942ல ஏழாவது சொனாட்டா எழுதினாரு. சண்டை நடந்துக்கினு இருந்த காலம். அதோட கடைசிப் பகுதின்னா உன் கூட்டாளிங்க நடுங்குறாங்க. ஏன்னா அது ஏழு எண்ணிக்கை. ரெண்டு, மூணு, ரெண்டுன்னு ஓடும். வெள்ளைக்காரனுக்கு நாலும் மூணும் பழக்கம், ஏழு வந்தா கால் தடுக்கும். நமக்கு? மிஸ்ர சாப்பு, தம்பி! தகிட தகதிமி. காஞ்சியில சாமி புறப்பாட்டுக்குத் தவிலைத் தூக்கிக்கினு வர்ற சின்னப் பையன்கூட ஏழைத் தூக்கத்துல தட்டுவான். உடனே தவில்கார பையன் பியானோக்காரரு ரிக்டரை ஜெயிச்சிட்டான்னு பட்டியல்ல எழுதிடாதே. எண்ணிக்கை நமக்குப் பழகினது, அந்தக் கட்டை மேல கையை அள்ளி அள்ளிப் போடுறது பழகாதது. அந்த ரிக்டரு அதை நாலே நாள்ல பாடம் பண்ணி, 1943ல மாஸ்கோவுல மொதமொத வாசிச்சாரு. நாலு நாள்! உன் கூட்டாளிங்களுக்கு நடுக்கம், அவருக்கு நாலு நாள் வேலை. அப்போ அந்தக் கஷ்டம் காகிதத்துலயா இருக்குது?

திருப்பிப் போட்டும் பாரு. நம்ம ஊருப் பாவாடைப் பொண்ணு வர்ணத்துல அசைச்சிப் பாடுற ஒரு காந்தாரத்தை உன் கட்டையில வாசி. கட்டையை அமுக்கலாம், வுடலாம். அசைக்க முடியுமா? ஹாமர்கிளாவியர் வாசிக்கிற கைக்கு அந்த ஒத்தைச் சுரம் எட்டாது. இப்போ எந்த நம்பர் போடுவே?

இந்தப் பட்டியல் வியாதி வெள்ளைக்காரன் மட்டும் குடுத்ததுன்னு நெனைக்காதே. நம்ம கிட்டயும் உண்டு. காஞ்சிபுரத்து பங்காரு காமாட்சி தஞ்சாவூர் போய்ச் சேர்ந்த கதை தெரியுமில்ல? அந்தம்மாவுக்குப் பூசை பண்ண குடும்பத்துல வந்தவருதான் சியாமா சாஸ்திரி. 1762ல பொறந்து 1827ல போனாரு. பீத்தோவன் கண்ணை மூடினதும் அதே 1827தான். பொப்பிலி கேசவய்யான்னு ஒரு வித்துவான் ஊரு ஊரா ஜெயிச்சிக்கினு தஞ்சாவூருக்கு வந்தாரு. நான் சிம்மநந்தன தாளத்துல பாடுவேன், எவன் வர்றான்னாரு. 128 அட்சரம் அந்தத் தாளம். ஒரு சுத்து முடியறதுக்குள்ள கேக்குறவனுக்கு ஆரம்பம் எங்கேன்னு மறந்துடும். சாஸ்திரி பதிலுக்கு சரபநந்தனத்துல பாடி ஆளை அனுப்பிட்டாருன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க.

சரி, இப்போ நீ சொல்லு. அந்தச் சரபநந்தனத்தை எந்தக் கச்சேரியில கேட்டே? நான் கேட்டதில்லை. ஆனா அதே சாஸ்திரி காமாட்சி மேல பண்ணின பைரவி ஸ்வரஜதி? சரணம் ஒவ்வொண்ணா ஸ, ரி, க, மன்னு படி ஏறிக்கினே போவும், அது. தெருவுக்குத் தெரு புள்ளைங்க கத்துக்குது, பெரிய வித்துவான் பாடினாலும் சபை அசையாம கேக்குது. சண்டைக்குப் பண்ணினது கதையில நின்னுச்சு. சாமிக்குப் பண்ணினது வாயில நின்னுச்சு. சாஸ்திரி ரெண்டையும் பண்ணத் தெரிஞ்சவரு. எதை எந்த நேரத்துக்கு எடுக்கணும்னும் தெரிஞ்சவரு.

நம்ம காஞ்சிபுரத்துக்கே வா. நாயனா பிள்ளை. 1889ல பொறந்த பாட்டுக்காரரு. நீ பரீட்சை எழுதுற அந்த ஏபிஆர்எஸ்எம்மும் லண்டன்ல அதே 1889லதான் ஆரம்பிச்சாங்க. ரெண்டும் கணக்குக்குப் பேரு போனது! நாயனா பிள்ளை பல்லவின்னு எடுத்தா லயத்துல புலி. பக்கத்துல வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல்னு மேடை நிறைய ஆளு. ஃபுல் பெஞ்சுன்னு ஊருல பேரு. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிராவோட குந்துவாரு. ஒரு கணக்குத் தப்பினா அத்தினி பேரும் திரும்பிப் பாப்பாங்க. கஷ்டம்னா அது கஷ்டம்.

அப்பேர்ப்பட்டவரு கிட்ட காஞ்சிபுரத்துக்கு வந்து கத்துக்கினாங்க பிருந்தாம்மா, வீணை தனம்மாள் பேத்தி. கணக்குப் புலிகிட்ட கத்துக்கினவங்க, அப்பால எதுல பேரெடுத்தாங்க? பதத்துல. க்ஷேத்ரக்ஞர் பதம், ஆமை நடை. வேகம் கெடையாது, கணக்கு வழக்குச் சண்டை கெடையாது. பேரெடுத்த வித்துவான்களே அந்தம்மாகிட்ட பதம் கத்துக்கப் போவாங்க. கொன்னக்கோல் மழையை நனையாமத் தாண்டத் தெரிஞ்சவங்களே அந்த ஆமை நடை கிட்ட வந்து கையைக் கட்டிக்கினு குந்தினாங்கன்னா, உன் ஸ்பீடு மீட்டரை எங்க வெப்பே?

இன்னும் ஒண்ணு. முத்துசாமி தீட்சிதர் நம்ம காஞ்சிபுரத்துல சில வருசம் இருந்தாரு. ஏகாம்பரேசுவரர் மேல பைரவியில 'சிந்தய மா' பண்ணினாரு. பாடிப் பாத்தவனைக் கேளு, நெஞ்சு கனக்கும்னுவான். அதே மனுசன் மெட்ராஸ்ல கோட்டை பேண்டு வாசிக்கிறதைக் கேட்டு, அந்த மெட்டுலயே சின்னச் சின்னதா நோட்டுஸ்வரம் பண்ணினாரு. இங்கிலாந்து ராசா பாட்டு மெட்டுக்கே 'சந்ததம் பாஹிமாம்'னு சமஸ்கிருதத்துல சொல்லு போட்டாரு. கமகம் கெடையாது, அசைவு கெடையாது, அஞ்சு வயசுப் புள்ள பாடும். இவ்ளோ சுலபமாப் பண்ணினா நம்ம கிரேடு கொறைஞ்சிடுமேன்னு அவரு பயந்தாரா? வெள்ளைக்காரன் மெட்டைக் கேட்டாரு, புடிச்சுது, பண்ணினாரு. அம்மாந்தான். உனக்குத்தான் சுலபமானதை வாசிச்சா மானம் போவுது.

வேகத்துக்கும் வருவோம். மெட்ராஸ் பையன் லிடியன் நாதஸ்வரம் 2019ல அமெரிக்கா டிவியில 208 வேகத்துல வண்டுப் பாட்டை வாசிச்சான், அப்பால 325ல வாசிச்சான். உலகமே எழுந்து நின்னு கை தட்டுச்சு. நானும் தட்டினேன். புள்ள கெட்டிக்காரன். அதைப் பாத்த மறுநாளே இங்க எத்தினி வூட்டுல மெட்ரோனோமை 200ல வெச்சிக்கினு புள்ளைங்க வெரலைச் சுளுக்கிக்கினு குந்துச்சுங்க! அவன் 325 வாசிச்சது உனக்குத் தெரியுது. அதுக்கு முன்ன எத்தினி நாள் மெதுவா வாசிச்சிருப்பான்னு யாராச்சும் கேட்டீங்களா? மெதுவா வாசிக்கிறதை டிவியில போட மாட்டான். போட்டா விளம்பரம் வராது.

உண்மையைச் சொல்லட்டா? கஷ்டத்துக்குப் பட்டியல் போடுறவன் கஷ்டத்தைத் தேடலை. அடுத்தவன் கஷ்டத்துல கொஞ்சம் பெருமையை இரவல் வாங்கப் பாக்குறான். 'ஹாமர்கிளாவியர்தான் மொதல்'னு நீ சொல்றப்போ பீத்தோவன் பக்கத்துல உனக்கும் ஒரு முக்காலி போட்டுக்கிறே. அவரு எழுதினாரு, யாரோ வாசிச்சாங்க, நீ நம்பர் போட்டே. மூணு பேரும் ஒரே வரிசையில குந்தியாச்சு! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ அதுக்கும் ஒரு படி மேல. எந்தக் கூடம் எத்தினி கோணல்னு அளந்துக்கினு இருக்கே.

மூஞ்சியைச் சுருக்காதே. திட்டினேன்னா உன்மேல ஆசை இருக்குதுன்னு அர்த்தம். இப்போ நான் சொல்றதைக் கேளு.

அந்த மொசார்ட்டை எடு, குழந்தை பாட்டுன்னு தூக்கிப் போட்டியே, அதை. பாதி வேகத்துல வாசி. மெதுவா வாசிச்சும் மெட்டு செத்துப் பூடாம இருக்குதான்னு பாரு. வேகத்துல மட்டும் நல்லாருக்கிறது நீ வாசிச்சது இல்ல, வேகம் வாசிச்சது. அப்பால எடது கையை மட்டும் தனியா வாசி. அது வெறும் ஒத்தாசைக்கு வந்த கைன்னு நெனைச்சிருந்தே பாரு, அது எத்தினி தாறுமாறா நடக்குதுன்னு தெரியும். அதுவும் தேறினா, பரீட்சை கிரீட்சை எதுவும் தெரியாத ஒருத்தரு முன்னால முழுசா வாசி. உங்கம்மா வேணாம், எப்படி வாசிச்சாலும் நல்லாருக்குதுன்னுடுவாங்க. எதிர் வூட்டுக்காரரு முன்னால வாசி. நடுவுல அவரு போனை எடுத்துப் பாக்குறாரான்னு ஓரக் கண்ணால பாத்துக்கோ.

இதுக்கெல்லாம் ஒரு வருசம் ஆவட்டும், ரெண்டு வருசம் ஆவட்டும். அப்பால இந்த நோட்டை எடுத்துக்கினு வா, ரெண்டு பேரும் குந்திப் பட்டியலைப் பாப்போம். அதுக்குள்ள உன் நம்பரெல்லாம் தலைகீழா மாறியிருக்கணும். மாறாம அப்படியே இருந்துச்சுன்னு வெச்சிக்கோ, நீ வாசிக்கவே இல்லேன்னு எனக்குத் தெரிஞ்சிபூடும்.